அடுத்தவர் படைப்பில் கை வைக்கும் முன்: காப்பிரைட், ஃபேர் யூஸ், கொஞ்சம் மரியாதை

யூடியூபில் பட விமர்சனம் செய்கிறவர், பழைய பாட்டைக் கிட்டாரில் வாசித்து இன்ஸ்டாவில் போடுகிறவர், பிடித்த இயக்குநரை மனதில் வைத்துக் குறும்படம் எடுக்கிறவர் என்று யாரிடம் கேட்டாலும் ஒரு விதி சொல்வார்கள்: ஏழு நொடிக்குள் இருந்தால் பிரச்சினை வராது. இன்னொருவர் பத்து நொடி என்பார், மற்றொருவர் முப்பது என்பார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு நொடிக்கணக்கு எங்கேயும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. ஒரு பாட்டின் உயிரான இடத்தை ஐந்தே நொடியில் எடுத்துவிடலாம். நான்கைந்து நிமிடக் காட்சிகளைத் துண்டு துண்டாக வைத்துப் பேசி ஒழுங்கான விமர்சனமும் செய்யலாம்.

"கிரெடிட்ஸ் டு ஓனர்" என்று கீழே எழுதுவதும் இதே கதைதான். நல்ல பழக்கம், எழுதுங்கள், ஆனால் அதனால் அனுமதி கிடைத்துவிடாது. சொல்லப்போனால், பொருள் அடுத்தவருடையது என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாக அது மாறலாம். "நான் இதில் காசு பார்க்கவில்லையே" என்பது கொஞ்சம் உதவும், முழுதாகக் காப்பாற்றாது.

வேறு எப்படித்தான் முடிவெடுப்பது? நான் சொல்லும் வரிசை இது. நீங்கள் எடுத்தது கருவா, அந்தக் கரு வெளிப்பட்ட வடிவமா? வடிவம் என்றால் அதன் மேல் இன்னும் யாருக்காவது உரிமை இருக்கிறதா? இருந்தால், எதற்காக எடுத்தீர்கள்? அனுமதி இல்லாமலே எடுக்கச் சட்டம் தரும் எந்த விலக்கிலும் அடங்கவில்லை என்றால் யாரிடம் கேட்பது? இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் முதல் கேள்வியிலேயே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும்.

கரு யாருக்கும் சொந்தமில்லை

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்றும் எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டுவது 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி. ஆனந்த் வழக்குத் தீர்ப்பைத்தான். அதில் நம்மூர்க்காரர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே காதல், 'நம்ம மாநிலம், உங்க மாநிலம்' என்று பெரியவர்கள் குறுக்கே நிற்பது: இதை வைத்து ஆனந்த் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதி மேடையேற்றினார். இயக்குநர் மோகன் சேகல் அந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்டார். 1956-ல் சேகல் இயக்கத்தில் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த 'நியூ டெல்லி' வெளியானது. அதே பஞ்சாபி, அதே மதராஸி, அதே காதல். ஆனந்த் வழக்குப் போட்டார், தோற்றார்.

ஏன் தோற்றார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கரு, மையப் பொருள், கதைச் சட்டகம், வரலாற்று உண்மை, புராணம் இவற்றுக்குக் காப்பிரைட் கிடையாது. அவற்றை ஒருவர் சொன்ன வடிவம், சொன்ன முறை, அடுக்கிய விதம் இவற்றுக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்து முடித்த சாதாரணப் பார்வையாளருக்கு, 'இது அதன் நகல்தான்' என்ற சந்தேகமில்லாத எண்ணம் வருகிறதா என்பதுதான் சோதனை. படத்தில் கதாநாயகன் வாடகைக்கு அறை கிடைப்பதற்காகத் தமிழனாக வேஷம் போடுகிறான், வரதட்சணைப் பிரச்சினை வருகிறது, நாடகத்தில் இல்லாத பலவும் வருகின்றன. ஆகவே கரு ஒன்று, படைப்பு வேறு என்று முடிந்தது. ஆனால் அதே அமர்வில் இருந்த நீதிபதி பதக் தனியாக எழுதியதைப் படித்தால், கீழே இரண்டு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்காவிட்டால் இன்னும் நெருக்கமாகப் பார்த்திருப்பேன் என்கிற தொனி தெரியும். ஆக, அந்தத் தீர்ப்பைக் காட்டி 'எதை வேண்டுமானாலும் சுடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2018 தீபாவளிக்கு 'சர்கார்' வரும் முன் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போய்விட, அதற்காக ஒருவன் போராடுவதுதான் கரு. அந்தக் கருவில் 'செங்கோல்' என்ற கதையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்த வருண் ராஜேந்திரன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்புவரை போகவில்லை, சமரசமாகி, படத்தின் தொடக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லும் அட்டை வந்தது. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டாலும் வாக்காளர் ஓட்டுப் போட வழி தரும், தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கும் 49பி யாருக்கும் சொந்தமில்லை, கள்ள ஓட்டு என்ற விஷயமும் யாருக்கும் சொந்தமில்லை. வழக்கு முழுதாக நடந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யூகிப்பது வீண் வேலை. நமக்கு உதவும் பாடம் வேறு: சட்டப்படி ஜெயிக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களும், வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது பேசித் தீர்க்கத்தான் பார்ப்பார்கள். அந்தப் பேச்சை முன்கூட்டியே, மரியாதையாக நடத்திவிட்டால் செலவும் குறைவு, பெயரும் கெடாது.

தலைப்புக்கும் காப்பிரைட் கிடையாது. 'தேசி பாய்ஸ்' வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. (தயாரிப்பாளர் சங்கத்தில் தலைப்பைப் பதிவு செய்வது தொழிலுக்குள் இருக்கிற ஏற்பாடு. டிரேட்மார்க் இன்னொரு தனிக் கதை.) பாணிக்கும் கிடையாது. ஒருவரைப் போல ஒளியமைக்கலாம், ஒருவரைப் போலக் குறுகிய வாக்கியத்தில் வசனம் எழுதலாம், ஜப்பானிய அனிமேஷன் மாதிரி உங்கள் தெருவை வரையலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு ஃபிரேமை, குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரத்தின் முகத்தை, வசனத்தை அப்படியே தூக்கி வைத்தால் அது பாணி அல்ல.

உரிமை இன்னும் இருக்கிறதா?

இந்தியாவில் எழுத்து, இசை, ஓவியம், புகைப்படம் இவற்றுக்கு, படைத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரைக்கும் உரிமை. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். முன்பு 50 ஆக இருந்தது; தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில் பொதுச்சொத்தாகப் போகின்றன என்ற நிலையில் 60 ஆக்கினார்கள். தமிழில் இன்னொரு வழியும் உண்டு, நாட்டுடைமை: அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துவிட்டு, எழுத்துகளை எவரும் பதிப்பிக்கலாம் என்று விட்டுவிடும். இதற்கு முன்னோடி பாரதியின் பாடல்கள். அவற்றின் இசை உரிமை ஏவி.எம். செட்டியார் கையில் இருந்தபோது, டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தது சண்டையாகி, பெரிய கிளர்ச்சியாகி, 1949-ல் அன்றைய சென்னை அரசு உரிமையைத் தன் வசம் எடுத்து, பிறகு மக்களுக்கே கொடுத்தது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசு வாங்கி எல்லோருக்கும் எழுதி வைத்த கதை அது, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, இதை வைத்துக் கணக்குப் போடலாம். பொன்னியின் செல்வனை ஒலிநாடகமாகச் செய்ய ஆசை, முடியுமா? தாராளமாக. கல்கி 1954-ல் மறைந்தார். நாட்டுடைமை ஆகாமலே இருந்திருந்தாலும் 2014 முடிவோடு காலம் முடிந்திருக்கும். ஆனால் 'பொன்னியின் செல்வன்' என்றால் உங்கள் மனதில் வருவது எது? தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களா? அவற்றின் கணக்கு வேறு, அது ஓவியரின் காலத்தைப் பொறுத்தது. 2022-ல் வந்த படத்தின் உடைகளா, பின்னணி இசையா, படத்துக்காகப் புதிதாக எழுதிய வசனமா? அவை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அவர்களுடையவை. உங்கள் வந்தியத்தேவன் கல்கியின் பக்கத்திலிருந்து வர வேண்டும், போஸ்டரிலிருந்து வரக்கூடாது. யூடியூப் தம்ப்நெயிலுக்கு நடிகரின் ஸ்டில்லை எடுத்துப் போடும் இடத்தில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

பாட்டு இன்னும் சிக்கல், ஏனென்றால் ஒரு பாட்டு என்பது ஒரு பொருள் அல்ல. 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தின் 'தூங்காதே தம்பி தூங்காதே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் பட்டுக்கோட்டையார் எழுதியவை. அவர் 1959-ல் மறைந்தார், அந்த வரிகளை நீங்கள் சட்டையில்கூட அச்சடிக்கலாம். ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டுகள் 2018-ல் முடிந்துவிட்டன. ஆனால் மெட்டு எஸ்.எம். சுப்பையா நாயுடுவுடையது, அவர் மறைந்தது 1979-ல், ஆகவே மெட்டுக்கு 2039 முடியும்வரை உயிர் உண்டு. வரிகளை வேறு மெட்டில் பாடலாம், அதே மெட்டில் பாடினால் கேட்க வேண்டும். ஒரே பாட்டுக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பழசு என்று நினைத்து எடுக்கும் முன் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எதற்காக எடுத்தீர்கள்?

இங்கேதான் ஃபேர் யூஸ் வருகிறது, இங்கேதான் குழப்பமும் வருகிறது. நாம் பேசும் ஃபேர் யூஸ் அமெரிக்கச் சட்டத்தின் சமாச்சாரம். அங்கே எந்த நோக்கத்துக்கும் வாதாடிப் பார்க்கலாம். நீதிபதி நான்கு விஷயங்களை நிறுத்துப் பார்ப்பார்: எதற்காக எடுத்தாய், எப்படிப்பட்ட படைப்பிலிருந்து எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அதனால் அசல் படைப்பின் சந்தைக்கு என்ன ஆகும். இந்தியச் சட்டம், அதாவது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இன்னும் இறுக்கமானது. நியாயமான கையாளுகை என்று அது ஒப்புக்கொள்வது பட்டியலில் உள்ள நோக்கங்களுக்கு மட்டும்: ஆராய்ச்சி உட்பட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாகச் சொல்வது. வகுப்பறைக்கு, நூலகத்துக்கு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று தனித்தனி விலக்குகள் உண்டு. 'ரசிகனின் அன்பு' என்று ஒரு விலக்கு கிடையாது. உங்கள் வேலை பட்டியலுக்குள் பொருந்தினால்தான் 'எவ்வளவு எடுத்தாய்' என்ற கேள்விக்கே போக முடியும். இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னையில் உட்கார்ந்து தமிழில் பேசும் யூடியூபர் இரண்டு சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். யூடியூபின் நீக்கும் நடைமுறை அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியது, உங்கள் மேல் வழக்கு வந்தால் அது இங்கேதான் வரும்.

விமர்சனம் என்ற கூரை எவ்வளவு அகலமானது என்று தெரிய பக்கத்து மாநிலத்து வழக்கு ஒன்று போதும். தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952-லிருந்து கேரளத்தையே கலக்கிய நாடகம். அதைக் கேள்வி கேட்டு, அதே கதாபாத்திரங்களையும் வசனங்களையும் மேடையில் கொண்டுவந்து, 'நிங்ஙள் ஆரெ கம்யூனிஸ்டாக்கி' என்று எதிர்நாடகம் எழுதினார் சிவிக் சந்திரன். பாசியின் குடும்பம் தடை கேட்டது. 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் சந்திரன் பக்கம் நின்றது. எடுத்தது நிறையத்தான், ஆனால் எடுத்தது எதிர்வாதம் செய்ய; இதைப் பார்த்தவர் 'அசலைப் பார்க்க வேண்டாம்' என்று வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார். எவ்வளவு எடுத்தாய், எதற்கு எடுத்தாய், அசலோடு போட்டி போடுகிறதா: அந்தத் தீர்ப்பு பார்த்த மூன்றும் இவைதான். அமெரிக்காவில் 2023-ல் வார்ஹோல் அறக்கட்டளை தோற்றதும் இந்த மூன்றாவது கேள்வியை ஒட்டித்தான். பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வார்ஹோல் தன் பாணியில் மாற்றியிருந்தார், மாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் புகைப்படக்காரர் தன் படத்தை எந்தச் சந்தையில் விற்பாரோ அதே சந்தையில், ஒரு பத்திரிகையில் பிரின்ஸைக் காட்டவே அது விற்கப்பட்டது. ஃபில்டர் போட்டுவிட்டேன், வண்ணம் மாற்றிவிட்டேன் என்கிறவர்கள் இதைக் கவனிக்க.

இதை எடிட்டிங் டேபிளுக்குக் கொண்டுவந்தால்: ஒவ்வொரு கிளிப்பையும் வைக்கும்போது அதை நீக்கிவிட்டு உங்கள் பேச்சை மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சு நொண்டினால் கிளிப் அங்கே தேவை. பேச்சுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அது வெறும் அலங்காரம், தூக்கிவிடுங்கள். ஒரு ஷாட்டின் கேமரா நகர்வைப் பற்றிப் பேசுகிறீர்களா, அந்த ஷாட் மட்டும் போதும், அதற்கு முன்னும் பின்னும் வேண்டாம். இசையைப் பற்றிப் பேசாத இடத்தில் பின்னணி இசையை முழுக்க அணைத்துவிடுங்கள், ஏனென்றால் யூடியூபின் தானியங்கித் தேடல் முறை பெரும்பாலும் பிடிப்பது ஒலியைத்தான். கிளைமாக்ஸை முழுதாகப் போடாதீர்கள். உங்கள் வீடியோவைப் பார்த்தவர் 'படம் பார்த்த மாதிரியே இருக்கு, இனி எதுக்குப் போகணும்' என்று கமெண்ட் போட்டால் அது பாராட்டு அல்ல, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்த ஆதாரம். 'பத்து நிமிடத்தில் முழுக்கதை' வகை வீடியோக்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை எந்த விலக்கிலும் வராது. தமிழில் விவரணை கொடுத்துவிட்டால் மட்டும் அது விமர்சனம் ஆகிவிடாது.

செய்திக் கிளிப் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. 2025 மே மாதம் யூடியூபர் மோஹக் மங்கல், சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னிடம் லட்சக்கணக்கில் கேட்கிறது என்று குற்றம்சாட்டி வீடியோ போட, அது நீதிமன்றம்வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மூன்று ஸ்ட்ரைக் (வீடியோவை நீக்கச் சொல்லும் முறையான புகார்) வந்தால் சேனலே போய்விடும் என்ற பயம் பேரத்தில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

மரியாதை செய்வது எப்படி

தமிழில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நம் இலக்கணம் நூல்களையே வகை பிரித்தது. தொகுப்பதும் விரிப்பதும் மொழிபெயர்ப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வேலைகள். கம்பர் மறைக்கவில்லை, தேவபாடையில் இக்கதை செய்த மூவரில் 'முந்திய நாவினான் உரையின்படி' என்று பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அப்படியே எழுதினாரா என்றால் அதுவும் இல்லை. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் தரையோடு குடிலைப் பெயர்த்து எடுக்கிறான். இரணியன் வதைப் படலம் முழுதும் கம்பர் சேர்த்தது. மூலத்தைச் சொன்னார், மூலத்தில் இல்லாததைக் கொடுத்தார். மரியாதை என்பதற்கு இந்த இரண்டுமே வேண்டும்.

ஆனால் மரியாதையும் சட்டமும் ஒரே கோடு அல்ல, இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். ஒருவருடைய கருவை ரகசியமாக எடுத்து, முகத்தை மாற்றி, பெயரே சொல்லாமல் படம் எடுக்கிறவர் சட்டத்தின் முன் சுத்தமாக நிற்கலாம். மனதாரக் கொண்டாடுகிறவர் நோட்டீஸ் வாங்கலாம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டு வந்த இடத்தை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள், தியேட்டரில் ஜனம் அழுதது. டைட்டிலில் இளையராஜா பெயரும் போட்டார்கள். இருந்தும் 2024 மே மாதம் அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. பெயர் போட்டால் மட்டும் போதாது, அனுமதி வேண்டும் என்பது அவர் தரப்பு, உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கினோம் என்பது தயாரிப்பாளர் தரப்பு. இங்கே சண்டை மரியாதையைப் பற்றி அல்ல, பாட்டு யாருடையது என்பதைப் பற்றி.

ஆகவே இரண்டு கோட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். மரியாதைக் கோட்டுக்கு ஒரு கேள்வி போதும்: மூலப் படைப்பாளி முதல் வரிசையில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா, வியர்க்குமா? சட்டக் கோட்டுக்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் மூலத்தின் காட்சி வரிசையையும் வலது பக்கம் உங்களுடையதையும் எழுதுங்கள். கரு ஒத்துப்போவது பரவாயில்லை. காட்சிகள் அதே வரிசையில் போகின்றனவா, திருப்பங்கள் அதே இடத்தில் அதே காரணத்தோடு வருகின்றனவா, கதாபாத்திரத்தின் தனித்த வினோதங்கள் (நடை, பொருள், வாய்ப்பழக்கம்) சேர்ந்து வருகின்றனவா, வசனம் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு தற்செயல், வரிசையாக வந்தால் அது நகல். ஹோமேஜ், அதாவது மூலத்துக்குச் செய்யும் மரியாதை, பெரும்பாலும் ஒரே ஒரு சைகையில் நிற்கிறது: ஒரு ஷாட், ஒரு பெயர், சுவரில் ஒரு போஸ்டர். படம் முழுக்க ஹோமேஜ் என்றால் அது ரீமேக், ரீமேக்குக்கு உரிமை வாங்க வேண்டும்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது, மூலத்துக்கே போவது. ராஜராஜனைப் பற்றி எழுத ஆசையா, கல்கியைக் கடந்து கல்வெட்டுக்குப் போங்கள். பாலகுமாரனின் 'உடையார்' அப்படித்தான் தனியாக நிற்கிறது. கல்கியின் மனிதர்களையே தொடர வேண்டும் என்றால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் செய்தது போல வெளிப்படையாகத் தொடருங்கள்.

கவர் பாட்டு, கல்யாணப் பாட்டு

கவர் பதிவு பற்றிச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு, 31சி. யாரிடமும் கெஞ்சாமல் கவர் வெளியிடலாம், ஆனால் நிபந்தனைகளைக் கேட்டால் ஆசையே போய்விடும்: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், அந்த ராயல்டி ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. அதோடு வரியையோ மெட்டையோ இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. வீட்டில் பாடுகிறவருக்கு இது சரிப்படாது. நடைமுறையில் பலரும் செய்வது, கரோக்கி டிராக்கை எடுக்காமல் சொந்தமாக வாசித்துப் பாடி, யூடியூபில் உரிமையாளர் தரப்பிலிருந்து கிளெய்ம் (உரிமைக் கோரல்) வந்தால் வருமானத்தை விட்டுக்கொடுப்பது. ரீல்ஸில் ஆப்பே கொடுக்கும் பாட்டைப் போடுவது அந்த ஆப்புக்குள் மட்டும் செல்லும்; அதே ரீலை இறக்கி வேறு இடத்தில் ஏற்றினால், அல்லது கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு உடன் வராது.

கல்யாண வீட்டில், ஊர்வலத்தில் பாட்டுப் போட உரிமம் தேவையில்லை, 52-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. அதே கல்யாண வீடியோவைப் பாட்டோடு யூடியூபில் ஏற்றுவது அந்த விலக்கில் வராது. கல்யாண போட்டோகிராபர்கள் வாடிக்கையாளருக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அனுமதி கேட்பது

பலருக்கு இது கௌரவக் குறைவாகத் தெரிகிறது, இல்லையென்றால் 'எங்கே தரப்போகிறார்கள்' என்ற எண்ணம். சிறுகதையைக் குறும்படமாக்கக் கேட்டால் நிறைய எழுத்தாளர்கள் மகிழ்ச்சியாகவே சம்மதிப்பார்கள். சொல்லாமல் எடுத்துவிட்டு விருது வாங்கிய பிறகு தெரியவந்தால்தான் கோபம். கேட்கும்போது சுற்றி வளைக்காதீர்கள். எந்தப் படைப்பு, அதில் எந்தப் பகுதி, எந்த வடிவத்தில், எங்கே வெளியிடுவீர்கள், காசு வருமா, பெயர் எப்படிப் போடுவீர்கள் என்று ஒரு மெயிலில் எழுதுங்கள். சம்மதம் போனில் கிடைத்தால் போதாது, கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். அதில் காலத்தையும் இடத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்: காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுத் திரைவிழாவுக்குப் போகும்போது இந்த ஒரு வரி இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும். முக்கியமாக, யாரிடம் கேட்கிறீர்களோ அவரிடம்தான் உரிமை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எழுத்தாளர் ஏற்கனவே திரைப்பட உரிமையை விற்றிருக்கலாம், பாட்டென்றால் தயாரிப்பாளர், ஆடியோ நிறுவனம், இசையமைப்பாளர் மூன்று பேரும் தனித்தனியாக உரிமை கொண்டாடலாம்.

உரிமை வாங்கிவிட்டாலும் இஷ்டத்துக்குச் சிதைக்க முடியாது. 57-ஆம் பிரிவு படைத்தவருக்கு, உரிமையை விற்ற பிறகும், தன் பெயரைக் கோரவும் தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைவைத் தடுக்கவும் இடம் கொடுக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தைக் கழற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் அரசாங்கத்தையே எதிர்த்து வழக்காடி 2005-ல் ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

கிளெய்ம் வந்தால், ஸ்ட்ரைக் வந்தால்

முதலில் இரண்டும் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்டென்ட் ஐடி கிளெய்ம் என்றால் இயந்திரம் பொருத்தம் கண்டுபிடித்திருக்கிறது; பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், சேனலுக்குக் காயம் இல்லை. ஸ்ட்ரைக் என்றால் உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லியிருக்கிறார்; 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனல் போய்விடும். கிளெய்முக்கு மறுப்புத் தெரிவித்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் ஸ்ட்ரைக் கொடுக்கலாம் என்பதால், உங்கள் பக்கம் வலுவாக இருந்தால் மட்டும் அந்தப் படி ஏறுங்கள். மறுப்பில் "இது ஃபேர் யூஸ்" என்று ஒற்றை வரி எழுதாமல், எத்தனையாவது நிமிடத்தில் எந்த கிளிப், அதை வைத்து என்ன விமர்சனம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவிப்பு அனுப்பினால் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். பத்து வேலை நாளுக்குள் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போன ஆதாரத்தைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். இந்தியச் சட்டப்படி தளத்துக்குப் புகார் போயிருந்தால் அங்கே கணக்கு 21 நாள், அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் மீண்டும் வெளியிடலாம்.

நீங்களே படைப்பாளி என்றால், எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் காப்பிரைட் அலுவலகத்தில் ஒரு கதைக்கு 500 ரூபாய்தான், ஆன்லைனிலேயே கட்டலாம், விண்ணப்பித்து 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கதை சொல்லப் போகும் முன் சங்கத்திலும் பதிந்து, சொல்லிவிட்டு வந்த அன்றே 'இன்று சொன்ன கதையின் சுருக்கம் இணைப்பில்' என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். யாரிடம், எப்போது, எதைச் சொன்னீர்கள் என்பதற்குப் பின்னால் அதுதான் பேசும்.

வக்கீல் நோட்டீஸே வந்துவிட்டால் உடனே வீடியோவை அழித்துவிட்டு மன்னிப்பு எழுதி அனுப்பாதீர்கள், பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். வேண்டுமானால் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வையுங்கள், கோப்புகளையும் மெயில்களையும் பத்திரப்படுத்துங்கள், அறிவுசார் சொத்து வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் போங்கள். வேண்டுமென்றே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது, இது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டிய குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேசமயம் ஆதாரமே இல்லாமல் மிரட்டுகிறவர்களுக்கும் சட்டத்தில் பதில் உண்டு: 60-ஆம் பிரிவின்படி, மிரட்டப்பட்டவரே நீதிமன்றத்துக்குப் போய் 'நான் எதையும் மீறவில்லை' என்று அறிவிக்கக் கேட்கலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். வக்கீலிடம் போகும்போது இந்தப் பிரிவையும் கேட்டு வையுங்கள்.